ஊருணிக் கரை: தடை ஆணையை மீறியவர்களை என்ன செய்யலாம்?

அன்புச் சொந்தங்களுக்கு வணக்கம்.

தம்பி அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. நம் ஊருணியின் தென்கரையில் எதிர்த்தரப்புக்காரர் கட்டிய ஆறு தூண் எழும்பி நிற்கிறது. படித்துறை மேலேயே எம்-சாண்ட் குவித்திருக்கிறார்கள். "இருதரப்பும் இடத்தை உள்ளபடியே வைத்திருக்க வேண்டும்" என்று முன்சீப் கோர்ட் போட்ட ஆணை இன்னும் அப்படியே இருக்கிறது.

துபாயில் இருக்கும் தம்பிமார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஜேசிபி வைத்து இடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த ஆணை நம்மையும் கட்டும். இடித்தால் நாளைக்குக் கூண்டில் நிற்பது நம் அம்பலம் மாமாவும் வழக்கில் கையெழுத்துப் போட்ட பெரியவர்களும்தான்.

ஆந்திராவில் குண்டூர்ப் பக்கம் ஒரு தாசில்தார், உயர்நீதிமன்ற ஆணையை மீறி ஏழைகளின் குடிசைகளை இடித்தார். உயர்நீதிமன்றம் இரண்டு மாதம் சிறை என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவதற்குள் அவர் துணை கலெக்டர் ஆகியிருந்தார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சிறையை விலக்கி, அவரை மறுபடி தாசில்தாராகவே பதவி இறக்கி, ஒரு லட்ச ரூபாய் அபராதமும் போட்டது. கட்டினாலும் இதே கதிதான். அயோத்தியில் கோர்ட் தடை இருக்கும்போதே 1992 ஜூலையில் மேடை கட்ட விட்டதற்காக, முதல்வராக இருந்த கல்யாண் சிங்குக்கு 1994இல் ஒரு நாள் சிறையும் 2000 ரூபாய் அபராதமும் கிடைத்தது.

"அவ்வளவுதானா தண்டனை?" என்று சித்தப்பா கேட்டது நியாயம்தான். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் உச்சபட்சம் ஆறு மாதம் வெறுங்காவல், அல்லது 2000 ரூபாய், அல்லது இரண்டும். மனதார மன்னிப்புக் கேட்டால் அதுவும் போய்விடலாம். ஆனால் நம்முடையது முன்சீப் கோர்ட் போட்ட இடைக்கால ஆணை. இதற்கு நேராக உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு ஓட வேண்டியதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 39, விதி 2ஏ என்று ஒன்று இருக்கிறது. அதே கோர்ட்டிலேயே மனுப் போடலாம். மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஒரு வருடம் வரை நீடிக்கும். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து இழப்பீடு கொடுக்க வழி உண்டு. ஒரு நாள் சிறைக்கு அஞ்சாதவர்கூட, டவுனில் இருக்கும் தன் கடைக் கட்டடம் ஜப்திக்குப் போகும் என்றால் யோசிப்பார்.

நமக்கு வேண்டியது எதிர்த்தரப்புக்காரர் சிறைக்குப் போவதல்ல, கரை பழையபடி இருப்பதுதான். ஆகவே தண்டனை மட்டும் கேட்டால் போதாது. ஆணைக்குப் பிறகு கட்டியதை அகற்றி இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி, அதே நடைமுறைச் சட்டம் பிரிவு 151இன் கீழ் தனி மனுவும் போடச் சொல்லுங்கள் நம் வக்கீலிடம். இன்றைய நிலையைப் பதிவு செய்ய அட்வகேட் கமிஷனர் ஒருவரையும், அதாவது இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீலையும், கேட்க வேண்டும். இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். தூண் எப்போது எழும்பியது என்பதுதான் வழக்கே.

எதிர்த்தரப்பு முதலில் சொல்லப்போவது "ஆணை எனக்குத் தெரியாது" என்பதுதான். தெரிந்தே மீறினார் என்று காட்டாமல் தண்டனை வாங்க முடியாது. கோர்ட் ஊழியரான அமீனா ஆணையை நேரில் கொடுத்தாரா, எதிர்த்தரப்புக்காரர் வாங்க மறுத்தாரா, அவருடைய வக்கீல் வக்காலத்துப் போட்டது எந்தத் தேதியில் என்பதையெல்லாம் கோர்ட் கட்டிலிருந்து நகல் எடுத்துவிடுங்கள். "அந்த ஆணையே தப்பு, அப்பீலில் உடையும்" என்றும் சொல்வார்கள். உடையட்டும். அமலில் இருந்த காலத்தில் மீறினால் அதற்குத் தண்டனை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இப்போதைக்கு ஒரு வேலை. படமும் வீடியோவும் எடுத்தவர்கள் போனில் இருந்து எதையும் அழிக்க வேண்டாம். வாட்சப்பில் வந்ததை மறுபடி அனுப்பாமல், மூலக் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2023 சாட்சியச் சட்டம் பிரிவு 63இன்படி சான்று இணைக்க வேண்டும், எடுத்தவரின் கையெழுத்து அதில் தேவைப்படும். ஊரில் இருக்கும் தம்பி இதைப் பார்த்துக்கொள்ளட்டும். கமிஷனர் கட்டணத்துக்கு ஆகும் தொகையை வக்கீல் சொன்னதும் எழுதுகிறேன்.