சேவாக்கா டிராவிட்டா, ஒருத்தரைத்தான் எடுக்கணும்னா?

சேப்பாக்கம்_பையன்:
2006 லாகூர் டெஸ்ட் ஞாபகம் இருக்கா மக்களே, பாகிஸ்தான் 679 அடிச்சு டிக்ளேர் பண்ணுன மேட்ச், நம்மாளுங்க ரெண்டு பேரும் ஓப்பனிங் எறங்கி 410 போட்டாங்க, நம்ம பழைய ஓப்பனர்கள் மன்கட்டும் ராயும் 1956ல மெட்ராஸ்ல போட்ட 413க்கு வெறும் மூணு ரன் கம்மி. சேவாக் 247 பால்ல 254, டிராவிட் 128 நாட் அவுட். டெஸ்ட் டீம்ல இவங்கள்ல ஒருத்தருக்குத்தான் எடம்னா யாரு? என் ஓட்டு சேவாக். டெஸ்ட் ஜெயிக்க 20 விக்கெட் எடுக்கணும், அதுக்கு டைம் வேணும், வேகமா அடிச்சு அந்த டைமை சம்பாதிச்சுக் குடுக்குறவன் அவன்தான்.

தடுப்பாட்டக்காரன்:
லாகூரா? அது பிட்ச் இல்ல சார், தார் ரோடு, பவுலருக்கு ஒண்ணுமே கெடைக்காது. அந்த மேட்ச் டிரா வேற. பால் ஸ்விங் ஆகுற ஊருக்கு வாங்க. இங்கிலாந்துல ஹெடிங்லி 2002, மேல பூரா மேகம், அதுல டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்துட்டாரு கங்குலி, உங்காளு 8 ரன்ல கெளம்பிட்டாரு, அப்புறம் டிராவிட்டும் பாங்கரும் ஒடம்புல எல்லாம் வாங்கிக்கிட்டு 170 ரன் சேத்தாங்க. டிராவிட் 148. சச்சினோட 193, கங்குலியோட 128 எல்லாம் அதுக்கப்புறம் வந்ததுதான். இன்னிங்ஸ் வெற்றி.

சேப்பாக்கம்_பையன்:
சரி, 2008ல இலங்கைல காலி ஊர்ல நடந்த டெஸ்ட். அவங்க ஸ்பின்னர் மெண்டிஸ் மூணு டெஸ்ட்ல 26 விக்கெட் எடுத்த சீரிஸ். டிராவிட், சச்சின்னு பெரிய பெரிய ஆளுங்களே முழிச்சப்ப, டீம் அடிச்ச 329ல சேவாக் மட்டும் 201 நாட் அவுட், கடைசி வரைக்கும் நின்னான். அதுவும் தார் ரோடா?

டீக்கடை_அம்பயர்:
ரெண்டு பேரும் வேணும்டா, போங்கடா டேய்.

தடுப்பாட்டக்காரன்:
அம்பயர் சார் கொஞ்சம் ஓரமா இருங்க 😄 காலி நல்ல இன்னிங்ஸ்தான், இல்லேங்கல. ஆனா மூணாம் நம்பர்ல ஆடுறவரோட வேலையே வேற. டிராவிட் டெஸ்ட் கெரியர்ல 31,258 பால் ஆடியிருக்காரு, டெஸ்ட்ல வேற யாரும் அவ்ளோ ஆடினது இல்ல. புதுப் பந்தோட பளபளப்பு போற வரைக்கும் இவரு சாஃப்ட் ஹேண்ட்ஸ்ல, அதாவது பேட்டை இறுக்கிப் பிடிக்காம, லேட்டா ஆடி உழைப்பாரு, சச்சினும் லக்ஷ்மணும் வரும்போது பந்து பழசாயிருக்கும், அதை எந்த ஸ்கோர் கார்டுலயும் போட மாட்டாங்க.

சேப்பாக்கம்_பையன்:
சேவாக் பண்ணுறதும் ஸ்கோர் கார்டுல வராது பாஸ். கால் நகரல, ஃபுட்வொர்க் இல்லன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா தலை ஆடாது, கொஞ்சம் எடம் கெடைச்சா போதும் பால் ஆஃப் சைடுல பாயிண்ட் பக்கம் போயிடும். பத்து ஓவர் ஆடுறதுக்குள்ள எதிர் டீம் கேப்டன், கீப்பர் பக்கத்துல ஸ்லிப்ல கேட்ச்சுக்கு நிக்கிறவனைத் தூக்கி பவுண்டரில போடுவான். அடுத்து வர்ற ஆளுக்கு எட்ஜ் எடுத்தாலும் பிடிக்க ஆள் இருக்காது. உங்க டிராவிட்டுக்கும் அதுல லாபம்தானே?

தடுப்பாட்டக்காரன்:
அவன் சீக்கிரம் அவுட் ஆகுற அன்னிக்கு? 2011 இங்கிலாந்து டூர்ல எட்ஜ்பாஸ்டன்ல ரெண்டு இன்னிங்ஸ்லயும் மொதல் பால்லயே டக். அதே டூர்ல டிராவிட் மூணு செஞ்சுரி, ஓவல்ல ஓப்பனிங் எறங்கி 146 நாட் அவுட்.

சேப்பாக்கம்_பையன்:
சீரிஸ் 4-0 தோத்தோமே?

தடுப்பாட்டக்காரன்:
மத்தவன் ஆடலைன்னா அவரு என்ன பண்ணுவாரு. ஜெயிச்சதையே சொல்றேன், அடிலெய்டு 2003. ஆஸ்திரேலியா 556, நாம 85க்கு 4, அங்கிருந்து லக்ஷ்மணோட 303 பார்ட்னர்ஷிப், 233 அடிச்சு, சேஸிங்லயும் 72 நாட் அவுட்டா நின்னு முடிச்சுக் குடுத்தாரு. சேவாக் 2008ல இதே சேப்பாக்கத்துல தென்னாப்பிரிக்கா கூட 319 அடிச்சாரே, மேட்ச் என்னாச்சு, டிரா.

சேப்பாக்கம்_பையன்:
அதே வருஷம் டிசம்பர்ல அதே கிரவுண்டுல என்ன நடந்துச்சுன்னும் சேத்து சொல்லுங்க. இங்கிலாந்து கூட 387 சேஸ், பிட்ச் சுழலுது, எல்லாரும் டிரா பண்ணுனா போதும்னு நெனச்சுட்டு இருந்தப்ப நாலாம் நாள் சாயங்காலம் 68 பால்ல 83. டிராவிட் அந்த மேட்ச்ல 3, 4. மறுநாள் சச்சின் 103 நாட் அவுட்டா முடிச்சாரு, அப்பவும் மேன் ஆஃப் த மேட்ச் யாருக்குக் குடுத்தாங்கன்னு போய் பாத்துட்டு வாங்க.