24 எச்.பி. மினி டிராக்டருக்கு முன்பிளேடு: பனி தள்ளும் பிளேடு நம்ம ஊர் மணலுக்கு ஆகுமா?

முந்திரிமேடு (பண்ருட்டி) கேட்டது:

வண்டி 24 எச்.பி. மினி டிராக்டர், ஃபோர் வீல் டிரைவ். வெறும் எடை 650 கிலோ. பின் டயர் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 1100 மிமீ. சக்கர இடைவெளி (முன் அச்சு முதல் பின் அச்சு வரை) ஒன்றரை மீட்டர். ஒரு மீட்டர் ரோட்டாவேட்டர் இருக்கிறது.

வேலை மூன்று. முந்திரித் தோப்பில் செம்மண் பாதை மழைக்கு மழை அறுத்துக்கொண்டு போகிறது, அதை மூட வேண்டும். தென்பெண்ணைக் கரையில் ஒரு ஏக்கரில் 2024 டிசம்பர் வெள்ளம் போட்டுவிட்டுப் போன மணல் சராசரி 10 செ.மீ. கிடக்கிறது, அதை ஓரம் தள்ள வேண்டும். மூன்றாவது, சிமெண்டுக் களத்தில் சேறும் சருகும் வழிக்க.

வெளிநாட்டிலிருந்து பழைய சாமானாக வந்த ஸ்னோ பிளேடு ஒன்று விலைக்கு வருகிறது. அகலம் 1800 மிமீ, உயரம் 500. பின்னால் இரண்டு பெரிய ஸ்பிரிங், அடியில் காளான் மாதிரி இரண்டு பாதம், 30 டிகிரி வரை இரண்டு பக்கமும் திரும்பும். எடை 90 கிலோ. வாங்கலாமா, பட்டறையில் புதிதாகச் செய்யலாமா? பிளேடைத் தூக்கும் ஹைட்ராலிக் ஆயிலை எங்கிருந்து எடுப்பது?

பட்டறை_மணி எழுதியது:

அண்ணே, அதை வாங்காதீங்க. பிளேடு மோசம்னு சொல்லல, அது வேற சரக்குக்குச் செஞ்சது.

புதுசா விழுந்த பனி ஒரு கன மீட்டர் 100 கிலோ அளவுதான். காஞ்ச மணல் 1600 கிலோ. பிளேடு முன்னால குவியற மணல் 35 டிகிரி சரிவுல நிக்கும்னு வச்சுக்கிட்டா, 500 உயரம் 1800 அகலத்துக்கு சுமார் 0.32 கன மீட்டர் சேரும். பனின்னா 32 கிலோ. மணல்னா 510 கிலோ. மணல் மேல மணலை இழுக்க அதோட எடையில 60 சதவீதம் விசை வேணும், அதாவது 300 கிலோவுக்கு மேல. உங்க வண்டி, பிளேடு, டிரைவர் எல்லாம் சேர்ந்து 815 கிலோ. உதிரி மணல்ல நாலு சக்கரமும் பிடிச்சாலும் எடையில மூணுல ஒரு பங்குதான் தள்ளும், 270 - 280 கிலோ. சக்கரம் நின்ன இடத்துலயே குழி பறிக்கும். எஞ்சின்ல பலம் பாக்கி இருக்கும், டயருக்குக் கீழே இருக்காது.

ஸ்பிரிங்குக்கு வருவோம். பனிக்கடியில நடைபாதைக் கல்லு, மூடி ஏதாவது மறைஞ்சிருந்தா பிளேடு முன்பக்கம் மடங்கி அதைத் தாண்டி, திரும்ப நிமிரணும். அதுக்குத்தான் அது. மண்ணுல ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மடங்கும், நிமிரும். முடிச்சுப் பார்த்தா பாதை அலை அலையா இருக்கும். பின் போட்டு ஸ்பிரிங்கைப் பூட்டலாம்தான், ஆனா அதுக்கு அப்புறம் வர்ற அடி முழுசும் மெல்லிசான பிவட்டுக்குப் போகும். அந்தப் பாதம் சரளைக்கல் மேல பிளேடை ஒரு விரல் உயரத்துல நிறுத்தறதுக்கு. மணல்ல அது ரெண்டு கோடு கிழிச்சுக்கிட்டே போகும். பிளேடும் ரொம்ப நிமிர்ந்து நிக்கும். மண்ணை வெட்ட விளிம்பு தரைக்கு 55 டிகிரி பக்கம் சாஞ்சிருக்கணும்.

உங்க வண்டிக்கு அகலம் கணக்கு இப்படி: முழுசா 30 டிகிரி திருப்பினாலும் டயர் தடத்தை பிளேடு மூடணும். 1100-ஐ 0.866-ஆல வகுத்தா 1270. ரெண்டு பக்கமும் கொஞ்சம் கூட்டி 1400. உயரம் 450 போதும். இதுல நிறைஞ்சா 325 கிலோ மணல், தள்ள 195 கிலோ விசை. வெட்டறதுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். 1500-க்கு மேல போகாதீங்க.

தகடு 6 மிமீ, பின்னால நாலு விலா. கீழ விளிம்பு தனியா போல்ட்டுல கழட்டற மாதிரி 12 மிமீ. லாரி லீஃப் ஸ்பிரிங்கைப் போட்டு வெல்டிங் வச்சுத் தர்றேன்னு சொல்வாங்க. அது கார்பன் அதிகமான எஃகு. சாதா ராடு வச்சு ஒட்டினா வெல்டிங் ஓரத்துலயே மயிரிழை வெடிப்பு விடும், மூணாவது வேருல பட்டுத் தெறிக்கும். சூடு பண்ணி 7018 ராடுல (ஹைட்ரஜன் குறைஞ்ச வெல்டிங் ராடு) போட்டு மெதுவா ஆற விட்டா நிக்கும். ஆனா தேய்ஞ்சதும் எப்படி மாத்துவீங்க? பழைய கிரேடர் விளிம்புத் துண்டு கிடைச்சா அதுல ஏற்கெனவே ஓட்டை இருக்கும், தலைகீழாத் திருப்பி ரெண்டு பக்கமும் தேய்க்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியம் ஃபிரேம். பிளேடை முன் பம்பர்லயோ வெயிட் மாட்டற பிராக்கெட்லயோ தொங்க விட்டா, தள்ளற விசை முழுசும் முன் அச்சைத் தாங்கற வார்ப்புக்கும் அதை எஞ்சினோட சேர்க்கற போல்ட்டுக்கும் போகும். மினி டிராக்டர்ல அது சின்ன வார்ப்பு. போல்ட் முதல்ல லூசாகும், அப்புறம் வார்ப்பு விரியும். ரெண்டு பக்கமும் நீள சேனல் போட்டு, தள்ளு விசை பின் அச்சுக் கூட்டுக்குப் போற மாதிரி செய்யணும். முன்பக்க போல்ட் ஃபிரேமைத் தூக்கிப் பிடிக்க மட்டும்தான்.

மாட்டினதும் ஒரு முன் சக்கரத்தை ஜாக்கி வச்சு அச்சு முட்டற வரைக்கும் தூக்குங்க. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்புங்க. டயரும் ஸ்டியரிங் சிலிண்டரும் சேனல்ல உரசக் கூடாது, குறைஞ்சது 25 மிமீ இடம் இருக்கணும். இதைச் செய்யாம வண்டியை வெளிய விட்டுட்டு, முதல் வரப்பு ஏறும்போது ஹோஸ் அறுந்து திரும்பி வர்ற வண்டிகள் நிறைய.

ஆயில்_வழி எழுதியது:

பட்டறை_மணி சொன்ன அகலம் சரி. ஹைட்ராலிக் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் வண்டியில் டி.சி.வி. (வெளிக் கருவிக்கு எண்ணெயைத் திருப்பி விடும் வால்வு) லீவர் இருக்கிறதா என்று பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் இரண்டு கப்ளர் (குழாய் மாட்டும் முனை) இருந்தால் பாதி வேலை முடிந்தது. குழாயை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தால் போதும். இல்லையென்றால் பம்புக்கும் லிஃப்ட் பெட்டிக்கும் நடுவே ஒரு வால்வு சேர்க்க வேண்டும். அந்த வால்வில் 'பவர் பியாண்ட்' வழி (அழுத்த எண்ணெயை அடுத்த கருவிக்குக் கடத்தும் தனி வழி) இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத வால்வின் டேங்க் வழியையே லிஃப்டுக்குக் கொடுத்து விடுகிறார்கள். பின்னால் ரோட்டாவேட்டரைத் தூக்கும்போதெல்லாம் அந்த அழுத்தம் வால்வின் உடம்புக்குள் திரும்பி வரும், சீல் கசியும். எண்ணெய் திரும்பும் குழாய் தனியாக கியர்பாக்ஸுக்குப் போக வேண்டும்.

லிஃப்டுக்கு 50 மிமீ விட்டம், 250 மிமீ ஓட்டமுள்ள ஒரே சிலிண்டர் போதும். சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் கிட்டத்தட்ட 2.9 டன் விசை தரும்; தேவைக்கு மேலேயே. இந்தச் சிலிண்டர் அரை லிட்டர் எண்ணெயில் நிறைந்து விடும். நிமிடத்துக்கு 18 லிட்டர் தரும் பம்பு என்றால் ஒன்றரை வினாடிதான். பிளேடு குதிக்கும். ஒருவழி ரெஸ்ட்ரிக்டர் (ஒரு திசையில் மட்டும் எண்ணெய் ஓட்டத்தைக் குறைப்பது) ஒன்றைக் குழாயில் சேருங்கள். காற்று எடுத்த பிறகு கியர் ஆயில் அளவை மறுபடி பாருங்கள், குறைந்திருக்கும்.

இனி ஃப்ளோட், அதாவது பிளேடு தரையோடு தானாக ஏறி இறங்க விடுவது. டபுள் ஆக்டிங் சிலிண்டரை (இரண்டு பக்கமும் எண்ணெய் அழுத்தத்தில் தள்ளுவது) நேராக பிளேடோடு பின் போட்டுப் பூட்டினால், லீவரைக் கீழே தள்ளத் தள்ள பிளேடு தரையை மிதித்து முன் சக்கரத்தைத் தூக்கும். ஸ்டியரிங் போகும், முன் பிடிப்பும் போகும். நாலாவது நிலையில் ஃப்ளோட் உள்ள வால்வு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிலிண்டருக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சங்கிலி. தூக்கும்போது சங்கிலி இறுகும், இறக்கும்போது தொய்யும், பிளேடு தன் எடையில் தரையோடு மிதந்து போகும். பனி நாடுகளில் சின்ன லாரிகளின் பிளேடு பலவும் இப்படித்தான் தூக்கப்படுகின்றன. கெட்டிச் செம்மண்ணில் பிளேடு மேலே மேலே சறுக்கும்; அதற்கு முதலில் கல்டிவேட்டரால் கீறி விட்டுத் தள்ளுவதே வழி.

திருப்பத்துக்கு ஹைட்ராலிக் வேண்டாம், ஐந்து ஓட்டை வைத்துப் பின் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சிலிண்டர் போட ஆசைப்பட்டால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவே கிராஸ்ஓவர் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மீறினால் எண்ணெயை மறுபக்கம் விடுவது) கட்டாயம். ஒரு முனை முந்திரி வேரில் மோதினால் அந்தப் பக்க எண்ணெய்க்குப் போக இடமில்லை, சிலிண்டர் ராடு வளையும்.

கடல் காற்றுப் படும் இடமென்றால் ராடை உள்ளே இழுத்த நிலையில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குரோம் மழைக்காலம் முடிவதற்குள் புள்ளி விடும். புள்ளி விட்ட ராடு சீலை அறுக்கும்.

பாகூர்_வாய்க்கால் எழுதியது:

எல்லாரும் பிளேடைப் பார்க்கறீங்க, மணலை யாரும் அளக்கலையே!

ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். 10 செ.மீ. மணல் என்றால் 405 கன மீட்டர். 1400 பிளேடு ஒரு தடவைக்கு 0.2 கன மீட்டர். ஆக 2000 தடவைக்கு மேல் போய் வரணும். போக, ரிவர்ஸில் வர, ஒன்றரை நிமிஷம் போட்டாலும் 50 மணி நேரம். பாதி ஏக்கர் தாண்டுவதற்குள் வண்டி புது கிளட்ச் பிளேட் கேட்கும். 20 மீட்டர் தள்ளுவதற்குள் இரண்டு பக்கமும் வழிந்து பாதிதான் மிஞ்சும் என்பதை இதில் சேர்க்கவே இல்லை.

அந்த ஒரு வேலையை வாடகை வண்டியில் முடித்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறையில் டோசர் வாடகைக்குக் கேட்கலாம். வயலுக்குள்ளேயே ஓரமாக ஒதுக்கி வரப்பு போட்டுக்கொள்ளுங்கள். டிப்பரில் ஏற்றி வெளியே அனுப்புவது கனிமவளத் துறை விவகாரம், அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். ஐந்து செ.மீ.க்குக் கீழே கிடக்கும் இடத்தில் தள்ளவே வேண்டாம்; கீழே களிமண் இருந்தால் ஆழ உழுது கலந்துவிடலாம்.

மீதி இருப்பது பாதையும் களமும். அதற்கு வண்டியின் பின்னால் மாட்டும் டெரேசர் பிளேடு (மண்ணைச் சமன் செய்யும் பின்பிளேடு) போதும். மூன்று பின், ஐந்து நிமிஷம், ஹோஸ் கிடையாது, வால்வு கிடையாது. பாதையைச் சமன் செய்ய முன்பிளேடை விட அதுவே நேர்த்தி, ஏனென்றால் நாலு சக்கரமும் மேடுபள்ளத்தைத் தாண்டின பிறகுதான் பிளேடு வருகிறது. முன்பிளேடில் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடும் கூடவே இறங்கிக் கடிக்கும், சக்கரம் ஏறினால் மணலை விட்டுவிடும்.

முந்திரிமேடு:

2000 தடவை என்று பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. மணலுக்கு வாடகை வண்டிதான். ஆனால் பின்பிளேடில் ஒரு சிக்கல்: தோப்பில் கிளைகள் தாழ்ந்திருக்கின்றன, சருகும் மண்ணும் அடிமரம் பக்கம் போய்க் குவிகிறது. வண்டி உள்ளே நுழையாமல் முன்னாலிருந்து தள்ளி எடுக்க வேண்டும். வாய்க்கால் கரை உடைப்பும் அப்படித்தான், வண்டி மேலே நின்று மண்ணை முன்னால் தள்ள வேண்டும். அதனால் முன்பிளேடே வேண்டும். பின்னால் எவ்வளவு எடை கட்டுவது?

பட்டறை_மணி:

உடைப்புக்கு மண் தள்ளன்னா முன்பிளேடுதான், சரி.

ஃபிரேமோட சேர்த்து பிளேடு 130 கிலோ வரும். முன் அச்சுக்கு 90 செ.மீ. முன்னால தொங்கும். 130 × 0.9 ÷ 1.5 = 78. அதாவது பின் அச்சுல 78 கிலோ குறையும், முன் அச்சுல 208 கிலோ கூடும். பிரேக் பின் சக்கரத்துல. கரைச் சரிவுல பிளேடைத் தூக்கிக்கிட்டு இறங்கும்போது பின் சக்கரம் லேசானா பிரேக் மிதிச்சும் வண்டி நிக்காது. ஃபோர் வீல் டிரைவைப் போட்டுட்டுத்தான் இறங்கணும், அப்ப முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும்.

பின் அச்சுக்கு 90 செ.மீ. பின்னால 130 கிலோ தொங்கினா அந்த 78 முன்னால குறையும், பின்னால 208 ஏறும். ரெண்டும் சரியாப் போச்சு. உங்க ரோட்டாவேட்டரே அந்த எடைக்கு ஆகும், பி.டி.ஓ.வை (பின்கருவியைச் சுத்தற எஞ்சின் இணைப்பு) துண்டிச்சு ஷாஃப்டைக் கழட்டி வச்சுட்டுத் தூக்கி வைங்க. ஆனா கரை மேல திரும்பும்போது வால் நீளமா இருக்கும். 200 லிட்டர் டிரம்மைப் பாதியா வெட்டி, லோயர் லிங்க் (பின்னால இருக்கற கீழ்த் தூக்குக் கை) மாட்டற பின்னோட கான்கிரீட் ஊத்தினா கையடக்கமா இருக்கும். 55 லிட்டர் கான்கிரீட் 130 கிலோ.

வேகம் லோ ரேஞ்சுல முதல் கியர். ஓடி வந்து மோதி மண்ணை வெட்டற பழக்கம் ஜே.சி.பி.க்குச் சரி, இந்த வண்டியோட முன் அச்சு கியருக்கு ஆகாது. தோப்புல தள்ளும்போது ரேடியேட்டர் வலையை அரை மணிக்கு ஒருதரம் பாருங்க. பிளேடு கிளப்பற முந்திரிச் சருகு அப்படியே போய் ஒட்டும், வெப்ப முள் ஏறினதுக்கப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

களத்துக்கு இரும்பு விளிம்பு வேண்டாம், சிமெண்டைச் சுரண்டும். அதே போல்ட் ஓட்டைக்கு 20 மிமீ ரப்பர் பட்டை ஒண்ணு வெட்டி வச்சுக்கோங்க, விளிம்புக்குக் கீழே 40 மிமீ நீட்டினா போதும். அதுக்கு மேல நீட்டினா மடங்கிச் சேறு மேல ஏறிப் போயிடும். நெய்வேலிப் பக்கம் பழைய கன்வேயர் பெல்ட் கேட்டுப் பாருங்க, துணி அடுக்கு உள்ளது வாங்குங்க. எஃகுக் கம்பி உள்ளது வெட்டவும் முடியாது, தேய்ஞ்சதும் கம்பி வெளிய வந்து களத்தைக் கீறும்.

ஆயில்_வழி:

ஒன்று விட்டுப்போனது. பின்னால் இருக்கும் டி.சி.வி.யிலிருந்து முன்னால் வரும் ஹோஸ் சைலன்சர் இருக்கும் பக்கம் போகக் கூடாது. எதிர்ப்பக்கச் சேனலுக்கு உட்புறமாக கிளாம்ப் போட்டுக் கொண்டுவாருங்கள். முன் முனையில் கப்ளர் ஆண் - பெண் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் கழற்றி மாட்டும்போது லீவர் தலைகீழாக வேலை செய்யாது.