மறு: இதய இடைச்சுவர் கிழிந்தால் – சொல் தேர்வு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

> அதிர்ச்சிசார் இடைச்சுவர்க் குறைபாடு – வடிகுழாய்வழி அடைப்பு

விபத்துக் காயத்தால் இதயத்தின் இடைச்சுவர் கிழிவதையும், மார்பைத் திறக்காமல் குழாய் வழியே அதை மூடுவதையும் தமிழில் குறிக்கப் பினாங்கு ஐயா தந்த தொடர் இது. இதில் 'இடைச்சுவர்' மிக நன்று. மற்றவற்றை மாற்றலாம் என்பது என் எண்ணம்.

முதலில் 'அடைப்பு'. இதயத்தோடு சேர்த்து இந்தச் சொல்லைக் கேட்டால் நம்மவர் நெஞ்சில் வருவது மாரடைப்புதான். "ரெண்டு அடைப்பாம், ஸ்டென்ட் வைக்கணுமாம்" என்று பேசிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் தேசிய இருதயக் கழகத்தின் வாசலில் காத்திருக்கும் ஒரு தாயிடம் "உங்கள் மகனுக்கு அடைப்பு செய்யப் போகிறோம்" என்று தாளில் எழுதிக் கொடுக்கக் கூடாது. 'மூடல்' என்போம், வைக்கப்படும் கருவி 'மூடி'.

'குறைபாடு' பிறவியோடு வருவதைக் குறிக்கும். பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை என்கிறோமே, அது வேறு. இங்கே மோட்டார் சைக்கிள் விபத்தில், அல்லது ஸ்டீயரிங் மார்பில் மோதி, நல்ல இதயம் கிழிகிறது. அறைகளில் ரத்தம் நிறைந்து வால்வுகள் மூடியிருக்கும் நொடியில் மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவே இதயம் நசுங்கினால், அழுத்தம் தாங்காமல் கீழறைகளுக்கு இடையிலான தசைச்சுவர் பிளக்கிறது, பெரும்பாலும் நுனிப்பக்கம். சிலருக்கு அன்று கன்றிய தசை நாள் கழித்துக் கிழியும். கத்திக்குத்தாலும் நேரும். ஆகவே 'காயக் கிழிவு'. 'அதிர்ச்சி' ரத்த அழுத்தம் சரியும் நிலைக்கு ஏற்கெனவே வழங்குவதால் இங்கே குழப்பும்.

'வடிகுழாய்' என்றால் வார்டில் சிறுநீர்க் குழாய். இதில் வடிப்பது எதுவுமில்லை. தொடை ரத்தக்குழாய் வழியே இடக் கீழறைக்குள் நுழைந்து, கிழிவைத் தாண்டி வலப்பக்கம் கம்பியை அனுப்புகிறார்கள். கழுத்துச் சிரை வழியாக வரும் கண்ணி அதைப் பிடித்து வெளியே இழுக்கிறது. அந்தக் கம்பியைத் தடமாகக் கொண்டு கழுத்திலிருந்து உறைக்குழாய் போகும். அதனுள் மடங்கிக் கிடக்கும் நிட்டினால் (நிக்கல்-டைட்டானியக் கலப்புலோகம்) வலை மூடி இடப்பக்கம் ஒரு வட்டாகவும் வலப்பக்கம் ஒரு வட்டாகவும் விரிந்து சுவரைக் கவ்வும். எதிரொலிப் படத்தில் (எக்கோ) சரிபார்த்த பிறகே மூடியைக் கழற்றி விடுவார்கள். எனவே 'குழாய்வழி' என்பதே போதும்.

என் முன்மொழிவு: 'கீழறை இடைச்சுவர்க் காயக் கிழிவு – குழாய்வழி மூடல்'. நீளம்தான், ஆனாலும் 'கீழறை'யை விடக் கூடாது. மேலறைச் சுவருக்கான மூடியின் வடிவமே வேறு.

வால்வும் சேர்ந்து பழுதானாலோ, கிழிவு வால்வை ஒட்டியிருந்தாலோ மார்பைத் திறந்துதான் தைக்க வேண்டியிருக்கும். அதற்குத் 'திறந்த தையல்' என்று எழுதியிருக்கிறேன். கம்பியைப் பிடிக்கும் கருவிக்குச் 'சுருக்கு' வேண்டாம், தூக்குக்கயிறு நினைவு வரும். 'கண்ணி' எல்லாருக்கும் சம்மதமா?