மாசியில் வந்த உறைபனி: கருகிய தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டியதுதானா?

கேள்வி (உதகை, தலைகுந்தா அருகே)

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஆவணியில் 11 தக்காளி நாற்றுகள் நட்டேன். மார்கழியும் தையும் தினமும் மாலையில் போர்த்தி, காலையில் எடுத்து, கைக்குழந்தைபோல் காப்பாற்றினேன். தை முடிந்ததும் பனி போய்விட்டது என்று நம்பி, போர்வைகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

நேற்று முன்தினம் இரவு வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கைபேசி 4 டிகிரி என்று காட்டியது. மனம் கேட்காமல் நான்கு செடிகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் தாளைப் போட்டுவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளை. தக்காளி இலைகள் வெந்த கீரைபோல் துவண்டு கிடந்தன. மதியத்துக்குள் கருத்துவிட்டன, இப்போது தொட்டால் பொடிகின்றன. பிளாஸ்டிக் போட்ட செடிகளிலும் தாள் பட்ட இலைகள் கருகிவிட்டன. தாழ்வாரத்துக் கூரையின் கீழ் இருந்த தொட்டிச் செடி ஒன்றுக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா, இது உருளைக்கிழங்குக்கு வரும் இலைக்கருகல் நோய், பிடுங்கி எரித்துவிடு என்கிறார். நாற்பது காய்களுக்கு மேல் பச்சையாகத் தொங்குகின்றன. பிடுங்க மனம் வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில் (கேத்தி, காய்கறி விவசாயி)

பிடுங்காதீர்கள் அம்மா. உருளைக்கிழங்கின் கருகல் தக்காளிக்கும் வரும் என்பது உண்மை. ஆனால் அது ஒரே இரவில் எல்லாச் செடிகளின் உச்சியையும் மட்டும் தேடிக் கருக்காது. அது நோயாக இருந்தால் ஈரமான காலையில் இலையின் அடியில் வெண்பூசணம் தெரியும், தண்டில் பழுப்புத் திட்டு விழும், நாளுக்கு நாள் பரவும். உங்களுக்கு வந்தது உறைபனிதான். கூரையின் கீழ் இருந்த செடி தப்பியதே சாட்சி.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலையின் சூடு நேராக வானத்துக்குப் போய்விடுகிறது. இலைக்கு மேலே ஏதாவது ஒரு மறைப்பு இருந்தால் அந்தச் சூடு தங்கும். கைபேசி சொல்வது ஆள் உயரத்துக் காற்றின் கணக்கு. அது 4 டிகிரி என்னும்போது தரையை ஒட்டிய புல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப்போல் பள்ளம் தேடி இறங்கும். உங்கள் வீடு இருக்கும் இடத்தில் கைபேசியை நம்பாதீர்கள், மாலையில் வானத்தைப் பாருங்கள். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று சும்மா சொல்லிவைக்கவில்லை.

இப்போது ஒன்று செய்யுங்கள். தண்டின் அடிப்பகுதியை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. கருகியதை இப்போதே வெட்ட வேண்டாம். அடுத்த பனி வந்தால் அந்தச் சருகுதான் கீழே இருக்கும் கணுவுக்குப் போர்வை.

பதில் (உதகை, காந்தல்)

தாவரவியல் பூங்காவில் காலையில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். வெயில் படுவதற்கு முன் நீங்களும் அப்படித் தெளித்திருந்தால் தப்பியிருக்குமே?

பதில் (கேத்தி, காய்கறி விவசாயி)

புல்லுக்கு அது சரி, தம்பி. தக்காளி இலைக்குள் நீர் உறைந்து உயிரணுக்கள் கிழிந்த பிறகு எந்தத் தண்ணீரும் அதை மீட்காது. தண்ணீரை முந்தின நாள் பகலில், இலையில் படாமல் மண்ணுக்குப் பாய்ச்ச வேண்டும். ஈர மண் பகல் வெயிலை நன்றாக வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பூங்காவில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடியிருப்பார்கள். மிலார் கிடைக்காவிட்டால் சணல் சாக்கு, பழைய வேட்டி போதும். நான்கு குச்சிகளை நட்டு, துணி இலையைத் தொடாமல், தரை வரை தொங்கும்படி போடுங்கள். பிளாஸ்டிக் பட்ட இடத்தில் குளிர் நேராக இலைக்குள் இறங்கும், அதனால்தான் அந்த இலைகள் கருகின. வெயில் இறங்குவதற்குள் மூடுங்கள். மண்ணின் சூடு போன பிறகு மூடிப் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

சுரண்டிப் பார்த்தேன் ஐயா. எட்டுச் செடிகளில் பச்சை இருக்கிறது. மூன்று அடிவரை பழுப்பாகி, தண்டு தொளதொளவென்று ஆகிவிட்டது. காய்களை என்ன செய்வது?

பதில் (குன்னூர், மாடித்தோட்டம்)

கண்ணாடிபோல் நீர் கோத்துத் தெரியும் காய்கள் அழுகிவிடும், அவற்றை எடுத்துவிடுங்கள் அக்கா. கரும்பச்சை வெளுத்து மினுமினுப்பு வந்த காய்களைப் பறித்து, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வைத்தால் வீட்டுக்குள்ளேயே பழுக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள், பழுப்பது நின்றுவிடும்.

தப்பிய தொட்டிச் செடியில் பக்கக் கிளைகள் இருக்கும். ஒரு சாண் நீளத்தில் இரண்டைக் கிள்ளி, அடி இலைகளை எடுத்துவிட்டு, சமையலறை ஜன்னலோரம் தண்ணீரில் நிறுத்துங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விடும். நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் இப்படி நான்கு துண்டுகளை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவேன். தக்காளி தன் பிறந்த மண்ணான ஆண்டிஸ் பக்கம் பல ஆண்டுகள் வாழும் செடி. நாம்தான் ஒரு பருவத்தோடு பிடுங்குகிறோம். குளிர்காலத்தில் காய்க்கவில்லையே என்று உரம் போடாதீர்கள். இரவு 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் பூ உதிரத்தான் செய்யும். அந்த மாதங்களில் உயிரோடு இருந்தால் போதும்.

கேள்வி கேட்டவர் (17 நாட்கள் கழித்து)

ஆறு செடிகளில் மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில் துளிர் வந்திருக்கிறது. முதல் துளிரைக் கண்டதும் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இடையில் இரண்டு இரவுகள் மறுபடியும் புல் வெளுத்தது. சாக்கு போட்டிருந்ததால் தப்பின. மற்ற இரண்டு செடிகள் அப்படியே நிற்கின்றன, தண்டில் இன்னும் பச்சை இருக்கிறது. ஜன்னலோரத் துண்டுகளில் வெள்ளை வேர் ஒரு விரல் நீளம் வந்துவிட்டது. அவற்றை இப்போதே தொட்டிக்கு மாற்றலாமா?

பதில் (குன்னூர், மாடித்தோட்டம்)

மாற்றுங்கள் அக்கா. தண்டைப் பாதிவரை மண்ணில் புதையுங்கள், புதைந்த இடமெல்லாம் வேர் விடும். தொட்டியைப் பங்குனி பாதி வரை தாழ்வாரத்தை விட்டு நகர்த்தாதீர்கள்.