என் நம்பருக்கு நானே போன் போட்டேன், வேறொருவன் எடுத்தான்

கடல்காகம்:
சிம் மாற்று மோசடி, அதாவது நம் நம்பரை வேறொருவன் தன் சிம்முக்கு மாற்றிக்கொள்வது, எனக்கு நடந்தது. மத்தியானம் சிக்னல் போய்விட்டது, டவர் பிரச்சினை என்றுதான் யாருக்கும் தோன்றும். வைஃபையில் மெயில் மட்டும் வந்துகொண்டிருந்தது: பாஸ்வேர்டு மாற்றப்பட்டது, அடுத்ததும் மாற்றப்பட்டது. மனைவியின் போனிலிருந்து என் நம்பருக்கு அடித்தேன். ரிங் போய், ஒருவன் எடுத்து, ரொம்ப நிதானமாக "சொல்லுங்க" என்றான். கணக்குகளை எல்லாம் மீட்டாகிவிட்டது. அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது.

நாலாம்பக்கம்:
சிம்முக்கு பின் (PIN) என்ற ரகசிய எண் போட்டால் இது நடக்கவே நடக்காது. செட்டிங்ஸில் போய் இரண்டு நிமிட வேலை.

ஒற்றைச்செருப்பு:
மேலே எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிம் பின், கார்டைத் திருடி வேறு போனில் போடுகிறவனைத்தான் தடுக்கும். இங்கே கார்டு நம் போனிலேயே இருக்கிறது. மோசடிக்காரன் சிம் கம்பெனி ஆளிடம் நம் பெயர், பிறந்த தேதி எல்லாம் சொல்லி, போன் தொலைந்துவிட்டது என்று கதை விட்டு, நம்பரைப் புது சிம்முக்கு மாற்றிக்கொள்கிறான். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் தலைமை நிர்வாகியாக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கிலேயே கண்டதையும் எழுதினார்கள், அதுவும் அவர் நம்பரைக் கைப்பற்றித்தான்.

எனக்கு நடந்தது சின்னது. கார்டின் கடைசி நாலு எண்ணைச் சரியாகச் சொன்ன ஒரு பெண், "யாரோ உங்க பணத்தை எடுக்கிறாங்க, ரத்து பண்ண ஓடிபி சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

எஸ்எம்எஸ் ஓடிபியை முடிந்த இடத்திலெல்லாம் எடுத்துவிட்டு, 30 நொடிக்கு ஒருமுறை மாறும் எண்ணைப் போனிலேயே உருவாக்கித் தரும் அதென்டிகேட்டர் ஆப் வையுங்கள், அது சிம்மோடு போகாது. அந்த எண்ணையும் வாயால் சொல்லிவிட்டால் போச்சு. பாஸ்வேர்டுக்குப் பதில் போனிலேயே இருக்கும், கைரேகையோ முகமோ காட்டித் திறக்கும் சாவியான பாஸ்கீ இன்னும் நல்லது, போலித் தளத்தில் அது வேலையே செய்யாது. முதலில் மெயிலுக்குப் போடுங்கள், மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்ற அந்த வழியாகத்தான் வருவான். மீட்பு வழியாக போன் நம்பர் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ரகசியக் கேள்விக்கு உண்மைப் பதில் எதற்கு? வாய்க்கு வந்ததை எழுதி, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஆப்பான பாஸ்வேர்டு மேனேஜரில் குறித்துவையுங்கள்.

பழையவண்டி:
பாஸ்கீ எல்லாம் சரி, இறந்துபோனவருக்கு என்ன போடுவது? அப்பா போன பிறகு, புதுக் கடன் வாங்கியதற்கு நன்றி சொல்லி அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் படித்தது அம்மா. "இவர் எப்ப போய்க் கையெழுத்துப் போட்டார்?" என்று என்னிடம் கேட்டாள்.

நாலாம்பக்கம்:
இறப்புச் சான்றிதழ் நகலை அவர் கணக்கு வைத்திருந்த எல்லா இடத்துக்கும் கொடுங்கள். அப்புறம், போன் திருடு போனால் சிம் பின் உதவும், அதை யாரும் மறுக்க முடியாது.