சென்சார், தரவுப் பகுப்பாய்வு ஆய்வுப் பணிக்கு எப்படி ஆயத்தமாவது?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்):
மின்னணுவியலில் முதுநிலைப் பட்டம் பெற்றுள்ள நான், பல்கலைக்கழகத் திட்டங்களில் சென்சார் தரவை ஆராயும் இளநிலை ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். நேர்காணலில் எதைப் பார்ப்பார்கள், ஐயா?

மறுமொழி:
தம்பி, முதலில் நெட் அல்லது கேட் எனும் தேசிய அளவிலான தகுதித் தேர்வில் தேறிவிடுங்கள். தகுதி பெற்றவர்களுக்கு இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய்.

மறுமொழி (ஏற்காடு):
தேர்வைவிட, நீங்களே எடுத்த தரவுதான் பேசும் என்பது என் உறுதியான கருத்து. காப்பித் தோட்டத்து மண்ணில் ஈரப்பத சென்சாரைப் பொருத்தி, அதே இடத்து மண்ணை 105 டிகிரி செல்சியசில் உலர்த்தி எடைபோட்டு, இரண்டையும் ஒப்பிட்டு அளவீட்டைச் சரிசெய்து பாருங்கள். பனிமூட்ட நாட்களில் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் 100 விழுக்காட்டிலேயே நின்றுவிடக்கூடும். அந்த மதிப்புகளை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்பதைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுமொழி:
நேர வரிசையில் பதிவான தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் எனக் குலுக்கிப் பிரித்தால், பிற்காலத்தில் வரவேண்டிய மதிப்புகள், தரவிலிருந்து கற்றுக் கணிக்கும் அல்காரிதத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். முந்தைய மாதங்களில் பயிற்சி கொடுத்து, பிந்தைய மாதங்களில் சோதியுங்கள்.