கிரீஸ் முதல் தடவை, அம்மா அப்பாவோட ஜூலைல போறோம், என்னெல்லாம் ரெடி பண்ணணும்?

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை கடைசில அம்மா அப்பாவ கூட்டிக்கிட்டு கிரீஸ் போலாம்னு இருக்கேன், மூணு பேருக்குமே இதான் முதல் ஐரோப்பா பயணம். லீவு ஒரு வாரம்தான். ஏதென்ஸ், மைக்கோனோஸ், சாண்டோரினி, முடிஞ்சா கிரீட், அப்புறம் சாண்டோரினில இருந்து கப்பல்ல வந்து அன்னிக்கு ராத்திரியே ஃப்ளைட் ஏறிடலாம்னு பிளான். அம்மாவுக்கு மூட்டு வலி, ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டை கூட தொடமாட்டாங்க. விசா, சாப்பாடு, மருந்து பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பதில் 1
தம்பி, முதல்ல அந்த கடைசி நாள் பிளான மாத்துங்க. ஜூலை, ஆகஸ்ட்ல ஏஜியன் கடல்ல மெல்டெமினு வடக்குக் காத்து அடிக்கும், வானம் பளிச்சுனு இருக்கும் ஆனா காத்து கூடிட்டா கப்பல் கிளம்பவே விடமாட்டாங்க, அதுலயும் சின்ன ஸ்பீட் போட் எல்லாம்தான் முதல்ல நிக்கும். ஃப்ளைட்டுக்கு முந்தின ராத்திரி ஏதென்ஸ்லயே இருக்கணும், இதுல மட்டும் ரிஸ்க் எடுக்காதீங்க.

இன்னொண்ணு, ஏதென்ஸ் துறைமுகம் பிரேயஸ்ல இருந்து சாண்டோரினிக்கு பெரிய கப்பல்ல கிட்டத்தட்ட 8 மணி நேரம், போய் இறங்கினா ஊரு முழுக்க படிக்கட்டு. அம்மாவ நினைச்சுப் பாருங்க. ஒரு வாரத்துக்கு நாலு இடம் வேணாம், ஏதென்ஸ்ல தங்கிட்டு ஏஜினா தீவுக்குப் போய்ட்டு வாங்க, ஸ்பீட் போட்ல 40 நிமிஷம்தான், அந்தப் பக்கம் கடலும் கொஞ்சம் அடக்கமா இருக்கும். அஃபயாங்கிற பழைய கிரேக்கக் கோயில் அங்கதான் இருக்கு, பிஸ்தாவுக்கும் பேர் போன ஊரு. சாண்டோரினி கண்டிப்பா வேணும்னா அது ஒண்ணு மட்டும் போதும், மைக்கோனோஸ், கிரீட் ரெண்டையும் இன்னொரு தடவைக்கு வச்சிக்கோங்க.

பதில் 2
விசாவுக்கு 6 மாசம் முன்னாடியே அப்ளை பண்ண விடுவாங்க, கடைசி 15 நாள் வரைக்கும் இழுக்காதீங்க, கோடை சீசன்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே கஷ்டம். ஷெங்கன் (கிரீஸ் உட்பட நிறைய ஐரோப்பிய நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ. இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவர் ஆகணும், வயசானவங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற வியாதி கவர் ஆகுதானு பாலிசில நல்லா படிச்சுப் பாருங்க, நிறைய பேர் இத பாக்கறதே இல்ல.

மருந்துக்கு டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல, பிராண்ட் பேரோட மருந்தோட ஜெனரிக் பேரும் இருக்கணும். முக்கியமா கோடீன் கலந்த இருமல் மருந்து, வலி மாத்திரை எதையும் சீட்டு இல்லாம எடுத்துட்டுப் போயிடாதீங்க, அங்க அதுக்கு கட்டுப்பாடு இருக்கு.

பதில் 3
சாப்பாட்டுக்கு பயப்படவே வேணாம் சகோ. அவங்க சர்ச் விரத நாள்ல சாப்பிடற நிஸ்தீசிமானு ஒரு வகை இருக்கு, கறி மீன் முட்டை பால் எதுவும் சேராது. ஆனா கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் விரதத்துல சேத்துக்குவாங்க, அதனால அந்த வார்த்தைய மட்டும் நம்பி ஆர்டர் பண்ணாதீங்க. யீகாண்டஸ் (பெரிய பீன்ஸ் தக்காளில வேகவச்சது), ஃபாவா (பருப்பு கடைசல் மாதிரியே இருக்கும், அம்மாவுக்குப் பிடிக்கும்), ஹோர்த்தா கீரை, தக்காளி குடமிளகாய்ல அரிசி அடைச்ச யெமிஸ்டா, இதெல்லாம் பேர் சொல்லிக் கேளுங்க. யெமிஸ்டால சில கடைல கொத்துக்கறி போடுவாங்க, "ஹோரிஸ் க்ரேயாஸ்"னு கேளுங்க, கறி இல்லாமனு அர்த்தம்.

அக்ரோபோலிஸ் (ஏதென்ஸ்ல குன்று மேல இருக்கிற பழைய கோட்டை, கோயில்) டிக்கெட் 2025 ஏப்ரல்ல இருந்து 30 யூரோ, டைம் ஸ்லாட் போட்டு ஆன்லைன்லயே எடுத்துடுங்க, காலைல முதல் ஸ்லாட்தான் பெஸ்ட், கடுமையான வெயில் நாள்ல மத்தியானம் மூடிடறாங்க. மேல பளிங்குக்கல் வழுக்கும், அம்மாவுக்கு கிரிப் உள்ள ஷூ வாங்கிக் குடுங்க. நடக்க முடியாதவங்களுக்கு லிஃப்ட் இருக்கு, முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.

கேள்வி கேட்டவர்
ரொம்ப நன்றி எல்லாருக்கும், மைக்கோனோஸும் கிரீட்டும் தூக்கியாச்சு. தண்ணி அங்க குழாய்ல குடிக்கலாமா?

பதில் 1
ஏதென்ஸ்ல தாராளமா குடிக்கலாம். சாண்டோரினி போனா பாட்டில் வாங்கிக்கோங்க. அப்புறம் டாய்லெட் பேப்பர உள்ள போடக்கூடாது, பக்கத்துல இருக்கிற கூடைலதான் போடணும், பைப்பு சின்னது அடைச்சிக்கும். அம்மா அப்பாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.